மொட்டைக்கடுதாசி மேடம்

“எந்த நான்?”

வாசலில் நிற்பவர் சொந்தக் கணவர். இரண்டு கையிலும் காய்கறிப் பை. மணியை முழங்கையால் அழுத்தி, வண்டிச் சாவியைக் கவ்விய வாயால் “நான்தான்” என்று சொல்லியிருக்கிறார். குரல் தெரியும், மணி அடிக்கிற தினுசும் தெரியும். ஆனாலும் கதவு திறக்கவில்லை. “நான்தான்னு யார் வேணா சொல்லலாம்” என்பது அந்த வீட்டுச் சட்டம்.

“பல்லுல சாவியோட நிக்கற நான்டி! தக்காளி நசுங்குது, திற!”

இந்த அளவு விவரம் கிடைத்த பிறகுதான் தாழ்ப்பாள் நகரும். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் மாட்டிக்கொண்டு அலறும் மனிதர்களைக் காப்பாற்றிப் பழகியவர் என்பதால், தன் வீட்டு வாசலில் மாட்டிக்கொள்வதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எதிர்வீட்டுக்காரனான எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வரும்.

அந்த அம்மாளை அலுவலகத்தில் ‘மொட்டை மேடம்’ என்பார்கள். இடுப்பைத் தொடும் பின்னல் உள்ள ஒரு பெண்ணை மொட்டை என்று கூப்பிட ஓர் அலுவலகத்துக்கே மனசு வந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். முழுப் பெயர் ‘மொட்டைக்கடுதாசி மேடம்’. நாக்கு சோம்பேறி, பாதியோடு நின்றுவிட்டது.

அவர் வேலை செய்வது வீடு வீடாக இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில். இணைப்பு வாங்கினால் நிறுவனத்தின் பெயர் ஒட்டிய மின்னஞ்சல் முகவரி ஒன்று இலவசம். அப்படி இலவசமாகக் கொடுத்த முகவரிகளின் பெயரில், அந்த முகவரிக்குச் சொந்தக்காரருக்கே தெரியாமல் உலகம் முழுக்க எவனெவனோ கடிதம் போடுகிறான். வழுக்கைக்குத் தைலம், பரம்பரைச் சொத்து, மூடப்போகும் வங்கிக் கணக்கு. அந்தப் பொய்க் கடிதங்களை வாசலிலேயே பிடித்து நிறுத்துவதுதான் மொட்டை மேடத்தின் பிழைப்பு.

ஒருவன் இன்னொருவன் பெயரில் எப்படி மெயில் அனுப்ப முடியும் என்று ஒருநாள் லிஃப்டில் வைத்து அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. மூன்றாம் மாடியில் ஏறியவர் தரைத்தளம் வந்தும் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு பேசினார்.

“ஒரு கவர் மேல அனுப்புநர்னு போட்டு யார் பேர வேணா எழுதலாமில்ல சார்? போஸ்ட்மேன் உங்கள வந்து கேப்பாரா? மெயிலும் அப்படித்தான் பொறந்துது. கண்டுபிடிச்சவங்க, எல்லாரும் சொந்தப் பேரத்தான் போடுவாங்கன்னு நம்பிட்டாங்க. பாவம், நல்ல குடும்பத்துப் பசங்க!”

இதற்கு மருந்து பிறகுதான் வந்தது. ஒவ்வொரு நிறுவனமும் ‘எங்கள் பெயரில் கடிதம் அனுப்ப உரிமை உள்ள இயந்திரங்கள் இவைதான்’ என்று பகிரங்கமாக அறிவித்து வைக்கும். அசல் கடிதத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரையும் குத்தி அனுப்பும். கடிதம் வந்து சேரும் இடத்தில் இரண்டையும் சரிபார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்பதையும் அந்த நிறுவனமே சொல்லிவைக்கலாம். இதை மொட்டை மேடம் மூன்றே சொல்லில் அடக்குவார்: “விடு, ஒதுக்கு, விரட்டு.”

அவருடைய நிறுவனம் பல காலமாக ‘விடு’விலேயே நின்றுகொண்டிருந்தது. காரணம், மேலாளர். அவருக்கு ‘பாத்துக்கலாம்’ என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் அந்த ஒரு சொல்தான் வரும். மேலாளர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. சில வாடிக்கையாளர்கள் யோக்கியமாகவே வேறு ஏதோ இயந்திரத்தின் வழியாகத் தங்கள் முகவரியில் கடிதம் போடுகிறார்கள். ‘விரட்டு’ என்று போட்டால் திருடனோடு சேர்த்து அவர்களுக்கும் அடி விழும். அவர்கள் போன் போட்டுத் திட்டுவார்கள். திட்டு என்றால் மேலாளர் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

ஆகவே மொட்டை மேடம் வருடக்கணக்காகச் செய்தது, வரும் பொய்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது. சாப்பாட்டு இடைவேளையில் அன்றைய பொய்க் கடிதங்களைச் சத்தமாக வாசித்து விமர்சனம் செய்வார். “‘மதிப்பிற்குரிய பயனர் அவர்களே, தங்கள் கணக்கு மரணமடைய உள்ளது.’ டேய், கணக்குக்கு நாள் குறிக்கறியா நீ?” என்பார். சில சமயம் ஒன்றைப் பார்த்துவிட்டு, டிபன் பாக்ஸை மூடிவைத்து, “இவன் கலைஞன்யா” என்று பெருமூச்சு விடுவார். எதிரிக்குத் தர வேண்டிய மரியாதையைத் தந்துவிடுவார். திட்டுவதிலும் தாட்சண்யம் இருக்காது.

இப்படியே ஓய்வு பெற்றிருப்பார். அவருடைய அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது.

அம்மா இவர்களோடுதான் இருக்கிறார். அப்பா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு சாயங்காலம் மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா போனை நீட்டினார்.

“உங்கப்பா மெயில் போட்டிருக்கார்.”

மொட்டை மேடத்துக்கு ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றுபோயிற்று. அனுப்புநர் இடத்தில் அப்பாவின் பெயர், அப்பாவின் முகவரி, அவர் நிறுவனம் கொடுத்த அதே முகவரி. உள்ளே: ‘அன்பே வீடு, தங்கள் மூட்டு வலிக்கு அற்புதத் தீர்வு கண்டுள்ளேன். கீழே சொடுக்கவும். என்றும் தங்கள் நினைவில்.’

அப்பா உயிரோடு இருந்தபோது கண்ணில் பட்டதையெல்லாம் சொடுக்கியவர். ‘நீங்கள் வென்றுவிட்டீர்கள்’ என்று யார் சொன்னாலும் நம்பி உள்ளே போய்ப் பார்ப்பார். அந்த வழியில் அவருடைய போனில் இருந்த பெயர்களும் முகவரிகளும் என்றோ களவு போயிருந்தன. மனைவியின் பெயரை அவர் ‘வீடு’ என்று பதிந்து வைத்திருந்தார். திருடனின் இயந்திரம் முன்னால் ஓர் ‘அன்பே’ சேர்த்து, ‘அன்பே வீடு’ என்று எழுதிவிட்டது.

மகள் அழப்போகிறாளோ என்று அம்மா பயந்திருக்க வேண்டும். முந்திக்கொண்டார்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தடவ ‘அன்பே’ன்னு சொல்லியிருப்பாரா? ‘இந்தா’, ‘எங்க போனே’, அவ்வளவுதான். செத்தப்புறம் திருந்திட்டார் பாரு.” பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “ஆனா இது அவர் இல்ல. ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல. உங்கப்பா எழுதினா வரிக்கு ரெண்டாவது விழும்” என்றார்.

அம்மா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் பொய்க் கடிதம் பிடிக்கும் பெண்ணின் வீட்டுக்குள், இறந்துபோன அப்பாவின் முகமூடியைப் போட்டுக்கொண்டு ஒருவன் மூட்டு வலித் தைலம் விற்க வந்திருக்கிறான். அதுவும் அவர் காவல் காக்கும் கதவு வழியாகவே வந்திருக்கிறான்.

மறுநாள் மேலாளரின் அறையில் நடந்ததை அலுவலகமே கேட்டதாம். “விரட்டுன்னு போட்டாகணும் சார்.” “பாத்துக்கலாம்மா.” “எங்கப்பா செத்துட்டாரு சார்.” “ஐயோ, தெரியுமேம்மா.” “அவருக்குத் தெரியல சார், மெயில் போட்டுட்டிருக்காரு!” மேலாளர் தண்ணீர் குடித்தார். அப்போதும் பாத்துக்கலாம் என்றுதான் சொன்னார்.

ஆனால் திருடர்கள் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை. அடுத்த வாரமே மேலாளரின் பெயரில் அவருடைய மாமியாருக்கு ஒரு கடிதம் போயிற்று: ‘தங்கள் உடல் பருமன் எனக்குக் கவலை அளிக்கிறது.’ அன்று காலை மேலாளர் வண்டியைக்கூடச் சரியாக நிறுத்தாமல் ஓடி வந்தார். “அந்த விரட்டு... அத இன்னிக்கே போட முடியுமா?”

“நீங்களா அனுப்பினீங்க?” என்று பிற்பாடு மேடத்திடம் நான் கேட்டேன்.

“சீச்சீ! என் தொழில் என்ன சார்?” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “அனுப்பல. வந்ததுக்கு வருத்தமும் படல” என்றார்.

இன்றைக்கே போட முடியாது என்று மேலாளரிடம் சொன்னவரும் மேடம்தான். யோக்கியர்களை முதலில் காப்பாற்ற வேண்டும். மற்ற நிறுவனங்கள் ‘உங்கள் பெயரில் எங்களிடம் வந்தவை இவை’ என்று தினமும் அனுப்பும் அறிக்கைகளை வைத்து, எந்த வாடிக்கையாளர் வெளி இயந்திரம் வழியாக அனுப்புகிறார் என்று பிரித்தெடுத்தார். ஒவ்வொருவருக்கும் தானே போன் போட்டார். அங்கேதான் வேடிக்கை.

நாய் பூனைகளுக்கு ஊசி போடும் ஒரு மருத்துவமனை. போனை எடுத்தது அங்கே வரவேற்பில் இருக்கும் பெண்மணி.

“உங்க இன்டர்நெட் கம்பெனிலேர்ந்து பேசறேன்மா.”

“ஆமாமா, போன வாரமும் ஒரு கம்பெனி பேசிச்சு. எங்க டாக்டர் அக்கவுன்ட்ட வழிச்செடுத்துட்டுப் போச்சு. வைடி போன!”

மொட்டை மேடத்துக்குக் கோபம் வரவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, “சபாஷ், பொழைச்சுக்குவா இவ” என்று மேசையைத் தட்டினாராம். அதற்குப் பிறகு யாரைக் கூப்பிட்டாலும் எடுத்த எடுப்பில் அவரே சொல்லிவிடுவார்: “என்ன நம்பாதீங்க. உங்க பில்லுல எங்க நம்பர் இருக்கும். அதுக்கு நீங்களே கூப்பிட்டு, மொட்டைன்னு ஒருத்தி இருக்காளான்னு கேளுங்க.” அவர்களும் கேட்டார்கள். “மொட்டையா? இருக்காங்களே, சாப்பிடப் போயிருக்காங்க” என்று பதில் வந்ததும் நம்பினார்கள்.

எல்லாரையும் பிடித்துத் திருத்தி முடித்த ஒரு நாளில், அவர் ‘விடு’வை அழித்து ‘விரட்டு’ என்று போட்டார். பொய்க் கடிதங்கள் வாசலோடு திரும்பத் தொடங்கின. ஒருவனைத் தவிர எல்லா யோக்கியர்களும் தப்பித்தார்கள்.

அந்த ஒருவன் நான். ஏதோ ஒரு இலவசச் சேவை வழியாக, அந்த நிறுவனம் எனக்குக் கொடுத்த முகவரியில் கட்டுரை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன், அது வெளி இயந்திரம் என்றே தெரியாமல். எதிர்வீடுதானே என்று எனக்குப் போன் போடாமல் மேடம் அனுப்பிய இரண்டு கடிதங்களைப் படிக்காமல் விட்டிருந்தேன், மோசடி என்று நினைத்து. என் கட்டுரையைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர்கள் நிறையப் பேர் உண்டு. ஆசிரியர் கண்ணில் படும் முன்பே திருப்பி அனுப்பிய பெருமை என் எதிர்வீட்டுக்காரருக்கே உரியது.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். “படிக்காம மோசடின்னு நினைச்சீங்களா? நல்லது. அதுக்காக உங்கள மன்னிக்கறேன்” என்று சொல்லியபடி அவர் என் கணினியைத் திருத்திக்கொண்டிருந்தார். வாசல் மணி அடித்தது.

“நான்தான்.”

“எந்த நான்?”

வெளியே தொண்டையைச் செருமும் சத்தம். பிறகு: “உங்கப்பனுக்கு அண்ணன்.”

அடுப்படியில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது.

அப்பாவும் பெரியப்பாவும் பல வருடங்கள் பேசாமல் இருந்தவர்கள். சொத்துத் தகராறு இல்லை, பெண் விவகாரம் இல்லை. ஒரு சதுரங்க ஆட்டம். நடுவில் எழுந்துபோய்த் திரும்பிய அப்பா, பலகையைப் பார்த்துவிட்டு, “குதிரைய நகர்த்திட்டே” என்றார். பெரியப்பா இல்லை என்று சத்தியம் செய்தார். அவர் யார்? கால்பந்து நடுவர். விசில் ஊதி ஊதி ஊரார் தப்பைக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்துக் கள்ளாட்டம் என்று சொன்னால் பொறுப்பாரா? அன்றோடு பேச்சு நின்றது. தம்பி இறந்த அன்று வந்தார், கேட் ஓரமாகவே நின்றார், அப்படியே போய்விட்டார்.

அவர்தான் இப்போது வந்து, நாற்காலியில் உட்காராமல், தம்பி மகளைப் பார்த்துக் கேட்பது போலில்லாமல் ஆட்டக்காரனை அதட்டுவது போல் கேட்டார்:

“ஏன் நிறுத்தினே?”

“எத பெரியப்பா?”

“உங்கப்பன் மெயில. உன் கம்பெனி மெயில்தானே அது?”

போனைக் காட்டினார். முதல் கடிதம்: ‘அண்ணா, நலமா? ஓர் அவசர உதவி தேவைப்படுகிறது. பதில் எழுதவும்.’ அனுப்புநர், தம்பி. பதில் தன்னிடமே வரும்படி திருடன் வேறு முகவரியை ஒளித்து வைத்திருந்தான். அதற்குப் போன பெரியப்பாவின் பதில் கீழே, நீளமாக:

‘தம்பி, செத்தவனுக்கு நான் என்ன உதவி பண்ண முடியும்னு தெரியல. நீயா எழுதினதால சொல்றேன். அன்னிக்குக் குதிரைய நான்தான் நகர்த்தினேன். நீ கை கழுவப் போனப்ப. பொய்ச் சத்தியமும் பண்ணினேன். தப்பு.’

அதற்கும் பதில் வந்திருந்தது: ‘பரவாயில்லை அண்ணா. இன்று மாலைக்குள் பணம் கட்டிப் பரிசு அட்டை ஒன்று வாங்கி அதன் எண்ணை அனுப்பவும்.’

மொட்டை மேடத்தின் முகம் சிவந்தது. “அனுப்பினீங்களா?”

“அனுப்பினேன்.”

“பெரியப்பா!”

“ஃபவுலுக்குத் தண்டனை இல்லாமயா? கட்டினேன்.”

“அவன் திருடன்! எங்கயோ ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு அப்பா பேர்ல...”

“தெரியும்டி. நான் என்ன பச்சக் குழந்தையா? என் தம்பியத் தூக்கிட்டுப் போனதப் பாத்தவன்தானே நான்?” அவர் குரல் இறங்கியது. “செத்தவனுக்கு எழுதணும்னா அட்ரஸ் ஏது? ஒரு அட்ரஸ் தானா வந்து நின்னுது. எழுதிட்டேன். திருடனா இருந்தா என்ன, பரவாயில்லன்னு சொன்னான் இல்ல? அதச் சொல்றதுக்கு எனக்கு வேற யாரு இருக்கா? அவனையும் நீ விரட்டிட்டே.”

நான் என் மடிக்கணினித் திரையை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றுமில்லை.

பெரியப்பா மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “உங்கப்பன் மெயில் இன்னும் இருக்கில்ல? ரகசிய எண்ணு உங்கிட்டதானே இருக்கு? அதுலேர்ந்து நீயே ஒரு வரி போடேன். அசல் முகவரிதானே, உன் மெஷின் விடுமில்ல?”

“மெஷின் விடும்” என்றார் மொட்டை மேடம். “நான் விட மாட்டேன்.”

கிழவர் தலையை ஆட்டினார். எழுந்துபோக நாற்காலிக் கையைப் பிடித்தார். மேடம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த முதல் கடிதத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் நூற்றுக்கணக்கில் பொய் பார்க்கும் கண் அது. திடீரென்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

“அம்மா, அப்பா போன்ல பெரியப்பா பேர என்னன்னு போட்டிருந்தாரு?”

“அந்தப் போனயெல்லாம் நான் எங்க பாத்தேன்?” என்றபடி அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“நீ பாக்க வேணாம். இங்கயே இருக்கு.” மேடம் போனைப் பெரியப்பாவின் கண்ணருகே கொண்டுபோனார். “இது பூராவும் பொய், பெரியப்பா. உதவி பொய், பரவாயில்லை பொய். ஒண்ணே ஒண்ணுதான் நிஜம். ‘அண்ணா.’ திருடனுக்கு நீங்க அண்ணன்னு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு வந்த மெயில்ல ‘வீடு’ன்னு இருந்துது, ஏன்னா அப்பா அப்படித்தான் பதிஞ்சு வெச்சிருந்தாரு. அவன் அப்பா போன்ல இருந்து எடுத்த பேரத்தான் அப்படியே போடறான். அப்ப உங்க பேரு அதுல ‘அண்ணா’ன்னு இருந்திருக்கு. சண்டைக்கு அப்புறம் வாங்கின போன் அது. புதுப் போன் வந்தப்ப, வேண்டாதவங்கள எல்லாம் உக்காந்து அழிச்சாரு அப்பா. என் மாமியாரக்கூட அழிச்சுட்டாரு. உங்கள அழிக்கல.”

பெரியப்பா போனை வாங்கவில்லை. அந்த ஒரு சொல்லைத் தூரத்திலிருந்தே பார்த்தார்.

அம்மாதான் அடுத்து வாயைத் திறந்தார்.

“அவர என்னமோ பெரிய யோக்கியர் மாதிரி பேசிட்டிருக்கீங்களே. நீங்க குதிரையத்தானே நகர்த்தினீங்க? அதுக்கு முன்னாடியே, நீங்க போன் பேச ஜன்னல் பக்கம் போனப்ப, உங்க யானைய எடுத்து அவர் பாக்கெட்ல போட்டுக்கிட்டார். சட்டை துவைக்கறப்ப என் கைக்கு வந்துது.”

“என்னது!”

“ஆமா.”

“இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?”

“யாரு என்னக் கேட்டீங்க?”

பெரியப்பா எழுந்தே விட்டார். வலது கை தன்னால் மார்புக்குப் போய், அங்கே இல்லாத விசிலைத் தேடியது. “யானையவா! அன்னிக்கு ஆட்டத்துல ஏதோ குறையுதுன்னு எனக்கு அப்பவே தோணிச்சே! திருட்டுப் பய! என்னப் போய்க் கள்ளாட்டம்னு...” சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழிகிறவரை சிரித்தார். கடைசியில் அது சிரிப்பாகவே இருந்ததா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு, வாயைப் புறங்கையால் துடைத்து, “போகட்டும் போ. பரவாயில்ல” என்றார், எதிர்ச் சுவரைப் பார்த்து.

மொட்டை மேடம் வேலையை ஆரம்பித்தார். பரிசு அட்டை விற்ற கடைக்குக் கணவரை அனுப்பி, ஏதாவது மீட்க முடியுமா என்று கேட்டுவரச் சொன்னார். போனது போனதுதான் என்று அவருக்கே தெரியும். பெரியப்பாவின் போனில், அந்தத் திருடனிடமிருந்து வந்த எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ‘குப்பை’ என்று அழுத்தினார். திரை சுத்தமாயிற்று.

பெரியப்பா அம்மாவிடம், அந்த யானை இப்போது எங்கே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். இருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மேடம் குப்பைப் பெட்டியைத் திறந்தார். உள்ளே இறங்கி, ‘பரவாயில்லை அண்ணா’ என்று தொடங்கும் கடிதத்தைக் கண்டுபிடித்தார். கட்டைவிரல் அதன் மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘குப்பை அல்ல’ என்பதை அழுத்தி, போனைப் பெரியப்பாவின் சட்டைப் பைக்குள் போட்டார்.